வெள்ளைப் பத்தி

தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

'ஒரு தகப்பனின் கேள்வி' என்று மேலே. 'இப்னுல் வாதி' என்று எழுதியவர் பெயர் அடியில். இரண்டுக்கும் நடுவே, பக்கம் முழுக்க, வெள்ளை.

இதழைக் கையில் பிடித்திருந்த அவள் தலைப்பை உரக்க வாசித்தாள். பெயரை வாசித்தாள். நிறுத்தினாள்.

சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் காபிக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள்.

டமாஸ்கஸில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. எதுவும் தணிக்கை அலுவலகம் போய்த்தான் அச்சுக்கு வரும். அங்கே வெட்டிய இடத்தை வேறெதையும் போட்டு நிரப்பாமல் வெறுமையாகவே அச்சடிப்பது அந்த இதழின் பிடிவாதம்.

அந்த வெறுமையை வாசிக்கும் முறை மட்டும் இந்த வீட்டுப் பெண்களுடையது. வெட்டுப்பட்டதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அவ்வளவு நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அதற்கு முன் பேசிக்கொள்ளலாம்.

"இந்த வாரமும் வெட்டா?" என்றாள் வீட்டுக்காரி. ஸுஹைலின் அம்மா என்பதால் ஊருக்கே உம்மு ஸுஹைல். கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "உன் வீட்டுக்காரர் கத்தரிக்குப் புதுசா சாணை பிடிச்சிருக்காரு போல, நஜ்லா."

நஜ்லா தலையைக் குனிந்துகொண்டாள். தணிக்கை அலுவலகத்தில் அரபியைப் பிரெஞ்சாக்கும் மொழிபெயர்ப்பாளரின் மனைவி. இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறாள். அவள் பக்கத்துத் திண்டில் யாரும் உட்காரவில்லை.

"இந்த இப்னுல் வாதி யாருன்னு மட்டும் தெரியட்டும். என் பொண்ணக் கட்டிவச்சு வீட்டோட மாப்பிள்ளையா உக்கார வச்சிருவேன்," என்றாள் உம்மு ஸுஹைல்.

"தகப்பன்னு போட்டிருக்கே, அக்கா. கல்யாணம் ஆன ஆளு."

"ஆயிருந்தா என்னடி? மனசுல இன்னொருத்திக்கு இடமா இருக்காது?"

சிரித்தார்கள். வாசித்தவளும் சிரித்தாள்.

பிறகு மௌனம்.

இப்னுல் வாதிக்கு மனைவி இல்லை. மகளும் இல்லை. அரசுப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க எழுதி, அடித்து, மறுபடி எழுதிய இந்தக் கட்டுரை இருந்தது. 'பள்ளத்தாக்கின் மகன்' என்ற பொருளில் அந்த ஆண் பெயரைக் கொடுத்தவர் இதழாசிரியர். கட்டுரையில் வரும் மகளை, இப்போது இதழை வாசித்த அவளே உண்டாக்கிக்கொண்டாள்.

வெளியே தெரிந்தால் வேலை போகும். இதழின் உரிமமும் போகும்.

அவள் மனதுக்குள் கட்டுரையை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனாள். மௌனத்தின் நீளத்தை அவளைவிடச் சரியாக யாரால் அளக்க முடியும்?

வெட்டுப்படுவதில் அவளுக்குக் கர்வம் உண்டு. பயந்துதானே வெட்டுகிறார்கள். ஆனால் அனுப்பிய தாளை அவர்கள் திருப்பித் தருவதில்லை. யார் காதிலும் விழாமல் போன ஒன்றைப் பற்றி எத்தனை நாள் கர்வப்படுவது?

"என் மகளுக்குப் பிரான்ஸில் ஓடும் ஸேன் நதியின் கிளைகள் எல்லாம் மனப்பாடம்."

வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் தூக்கிப்போட்டது.

குரல் அவளுடையது அல்ல.

நஜ்லா.

"நம் ஊருக்குள் ஓடும் பரதா ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டேன். அது பாடத்தில் இல்லையே அப்பா என்றாள்."

மௌனத்தை இதுவரை ஒருத்தியும் கலைத்ததில்லை.

"பிரெஞ்சுல எழுதுறதுக்கு முன்னாடி அவரு சத்தமாப் படிச்சுப் பாப்பாரு," என்றாள் நஜ்லா, தலை நிமிராமல். "பக்கத்து ரூம்ல நான் தைச்சுக்கிட்டு இருப்பேன். மத்ததெல்லாம் ஒரு தடவதான். இத ரெண்டு தடவ படிச்சாரு."

பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். சீராக, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி. எழுதும்போது அந்த இடங்களை ஆசிரியை எவ்வளவு யோசித்து வைத்திருந்தாள். தன் வாக்கியம் இன்னொருத்தியின் வாயில் இவ்வளவு வலுவாக நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது.

எழுதியவளின் பெயர் அலுவலகம் போன தாளில் இல்லை. கட்டுரை மட்டும் இருந்தது. அதுவே நடந்து இங்கே வந்திருக்கிறது.

கடைசிப் பத்தியில் நஜ்லா தடுமாறினாள்.

"ஆற்றை அறியாத பிள்ளைக்கு... பிள்ளைக்கு... அதுக்கப்புறம் ஒண்ணு வருமே."

அறையே முன்னால் சாய்ந்தது.

இந்த அறையில் அடுத்த வரி தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். எழுதியவர். இது அதற்காக விரித்த வலையாகவும் இருக்கலாம்.

அவள் நஜ்லாவைப் பார்த்தாள். ஊசி குத்திய விரல்நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள் நஜ்லா. உதடுகள் சத்தமில்லாமல் அந்த ஒரு வரியைத் தேடின. கிடைக்காத தவிப்பில் கண் கலங்கியிருந்தது.

வலை விரிப்பவர்கள் இப்படித் தவிப்பதில்லை.

அவள் இதழை மூடி மடியில் வைத்தாள்.

அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்ததையும். முடியும்வரை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

முடிந்தபின் யாரும் கோப்பையை எடுக்கவில்லை.

உம்மு ஸுஹைல் எழுந்தாள். தெருக்கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ் போட்டாள். திரும்பி வந்தவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நஜ்லாவின் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை போச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

பிறகு இதழை மடியில் வைத்திருந்தவள் பக்கம் திரும்பினாள்.

"ம். முதல்லேர்ந்து படி."