மின்மாற்றியின் இரைச்சல்

துணைமின் நிலையத்தில் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுக் கணினித் திரை வைத்த மூன்றாம் நாள் பிற்பகல், நாற்பது வயதான மின்மாற்றியின் இரைச்சல் மாறியது. பொறியாளர் தமயந்தி அருகே போனாள். அனல் முகத்தில் அடித்தது. எண்ணெய் கருகும் வாடை வந்தது. தலைமையகத்துக்குப் போன் செய்து, மின்மாற்றி எந்த நேரமும் வெடிக்கலாம், நிறுத்த வேண்டும் என்றாள்.

“திரையில எல்லாம் சரியாத்தானேம்மா காட்டுது. அணு உலை லைனை இன்னைக்குத்தான் இணைச்சிருக்கோம். அமைச்சர் பாத்துக்கிட்டிருக்கார். நிறுத்திடாதீங்க.”

நிலையத்தில் வேலையில் இருந்த ஊழியர்கள் இருவரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினாள். பிறகு ஊர் மருத்துவமனையை அழைத்தாள். “கரண்டை நிறுத்தப் போறேன் டாக்டர். ஜெனரேட்டரைப் போட்டுக்குங்க.”

“அது ரிப்பேரும்மா. ஆபரேஷன் டேபிள்ல ஒரு பொண்ணு இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க.”

“சரி” என்றாள். மின்மாற்றியை ஒட்டிய கட்டுப்பாட்டு அறைக்குள் போய், கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சின் மேல் கை வைத்து உட்கார்ந்தாள். வெளியிலிருந்து இருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.