துணை மருந்து

"அண்ணி! அது இன்னா பொடி?"

லேகிய டப்பாவுக்கு மேலே பெரியநாயகியின் கை அப்படியே நின்றது. கையிலிருந்த காகிதத்தில் வெள்ளைப் பொடி.

முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் அங்கம்மாள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அதானே பாத்தேன்! எங்கண்ணன் தறியில உக்காந்துக்கினே தூங்கி விழுது. நீ இன்னா சொன்னாலும் தலையாட்டுது. மருந்து வெச்சிட்டியேடி பாவி!"

பெரியநாயகி காகிதத்தை அவசரமாக மடித்தாள். புருஷனை மயக்க மருந்து வைத்தவள் என்று பேர் வந்தால், பிள்ளையார்பாளையத்தில் தலைகாட்ட முடியுமா?

பொடி என்னவோ டாக்டர் எழுதிக் கொடுத்த அரிப்பு மாத்திரைதான். அதைச் சொன்னால் புருஷன் கைலாசம் சும்மா இருப்பாரா? "இங்கிலீஷ் மருந்து உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று சத்தியம் செய்த மனுஷன் ஆயிற்றே!

கண்ணாயிரம் வைத்தியரின் லேகியத்தை டப்பா டப்பாவாகத் தின்றும் கைலாசத்துக்கு அரிப்பு அடங்கவில்லை. சொறிந்த கையோடு தறியில் உட்கார்ந்தால் நகம் மாட்டிப் பாவு நூல் அறுந்தது. பொறுக்கமாட்டாமல்தான் பெரியநாயகி மாத்திரையைப் பொடித்து லேகியத்தில் கலக்க ஆரம்பித்தாள். அரிப்பு ஓடியே போனது; தூக்கம்தான் கொஞ்சம் கூடியது. புகழெல்லாம் வைத்தியருக்கு. கைலாசம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததில் வைத்தியர் வீட்டு வாசலில் ஒரே கூட்டம்.

அங்கம்மாள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்த வைத்தியரையே கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"நீங்களே பாருங்க வைத்தியரே, இது வசிய மருந்தா இல்லியான்னு!"

கைலாசம் கொட்டாவி விட்டபடி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். "அவர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

வைத்தியர் பொடியை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பெரியநாயகி காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டாள்.

"வசியமாவது ஒண்ணாவது! இது சங்கு பஸ்பம்மா. லேகியத்துக்குத் துணை மருந்து. நான்தான் கொடுத்தேன்."

அங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கைலாசம் தறிக்குத் திரும்பினார்.

பெரியநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிய புண்ணியவான்! வாசல்வரை போய்க் கைகூப்பினாள்.

வைத்தியர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். முதுகை நிலைப்படியில் ஒரு தேய் தேய்த்தார்.

"அந்த மாத்திரை பேர் இன்னாம்மா? போன ஆடியிலேருந்து அரிப்பு உயிர் போவுது. என் லேகியம் எனக்கே கேக்கல!"