காரணம் இல்லாத லீவு லெட்டர்

முப்பத்தோராவது பேப்பரும் ஃபெயில். சுந்தரம்மாள் மார்க்கைப் போட்டு, அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டமும் போட்டாள். ராஜபாளையத்துச் சிவனாண்டி சார் வளர்த்த பிள்ளைகள் என்று நினைக்க நினைக்கச் சிவப்பு மை தாராளமாக ஓடியது.

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தோற்ற பிள்ளைகளுக்கென்று வைகுண்டராஜ் அண்ணாச்சி இரண்டு டுடோரியல் நடத்திவந்தார். ராஜபாளையத்தில் ஒன்று, அங்கே வாத்தியார் சிவனாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று, இங்கே டீச்சர் சுந்தரம்மாள். இரண்டிலும் அறுபது அறுபது பிள்ளைகள்.

மாடல் பரீட்சை பேப்பர்கள் மட்டும் அண்ணாச்சி கைக்குப் போய், ஊர் மாறித் திருத்த வரும். ஓரவஞ்சனை கூடாதென்று பெயரும் நம்பரும் எழுதிய மூலையை மடித்து ஒட்டியிருப்பார்கள்.

போன வருடம், அதாவது 1990-இல், சிவனாண்டி இவள் பிள்ளைகளில் நாற்பது பேரைக் கவிழ்த்தார். அதோடு விட்டாரா? 'உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மகராசி யார்?' என்று ஒவ்வொரு பேப்பரிலும் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதையே வாசித்தும் காட்டினார். கூட்டம் சிரித்த சிரிப்பு ஒரு வருடமாக அவள் காதைவிட்டுப் போகவில்லை.

இந்த வருடம் கணக்குத் தீர்க்க இன்னொரு காரணமும் வந்து சேர்ந்தது. ஜூனில் இரண்டு டுடோரியலையும் ஒன்றாக்கப் போவதாகவும், இங்கிலீஷுக்கு ஒரு ஆள் போதுமென்றும் அண்ணாச்சி சொல்லிவிட்டார். யார் இருப்பது, யார் போவது என்பதை மாடல் பரீட்சை ரிசல்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

வகுப்புத் தலைவி வெள்ளைத்தாய் வாசலில் வந்து நின்று, அடுத்த பாடம் எது என்று கேட்டாள். சுந்தரம்மாள் நிமிராமலே கைடை எடுத்து நீட்டினாள்.

"எப்பவும்போல நீயே பாத்துப் போர்டுல எழுதிப் போடு ஏட்டி. எல்லாரும் காப்பி பண்ணட்டும். நோட்டுக்கும் நீயே டிக் அடிச்சிரு. எனக்கு வேல கிடக்கு."

வருடம் முழுக்கவே அவளுக்கு இப்படி ஏதாவது வேலை கிடந்தது.

பேப்பர்க் கட்டுக்குள் ஒரு வேடிக்கை இருந்தது. லீவு லெட்டர் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் அச்சடித்ததுபோல் ஒரே பதில் எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியருக்கு வணக்கம் சொன்னார்கள், இரண்டு நாள் லீவு கேட்டார்கள், நன்றியும் சொன்னார்கள். எதற்கு லீவு என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. காய்ச்சல் என்று வர வேண்டிய ஒரு வரியை மொத்தப் பேரும் விழுங்கியிருந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளை விட்டால் அது பிள்ளையின் தப்பு. அறுபதும் விட்டால்? ஒவ்வொரு லெட்டருக்கும் கீழே 'காய்ச்சல் உனக்கா, உன் வாத்தியாருக்கா?' என்று எழுதிக்கொண்டே போனாள்.

ஒரு பேப்பர் மட்டும் முப்பத்துநான்கில் வந்து நின்றது. பாசாக இன்னும் ஒரு மார்க். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. தேடினால் ஒரு மார்க் கிடைக்காமல் போகாது. பேனா செத்த நேரம் தயங்கியது. மைக் நினைவுக்கு வந்தது. முப்பத்துநான்கைச் சுற்றி வட்டம் விழுந்தது.

சனிக்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பேப்பர்க் கட்டை மடியில் வைத்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். அண்ணாச்சியின் பஞ்சுக் குடோன் ஆபீசில் சிவனாண்டி தனக்கு முன்னாலேயே வந்திருந்தது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. மனிதர் மூலை பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"எம்புட்டுப் பேரு தேறியிருக்கு, டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"அறுபதுல ஒம்பது, அண்ணாச்சி."

அண்ணாச்சி நாலைந்து பேப்பரைப் புரட்டினார். பிள்ளைகள் இத்தனை மோசமா என்று வருத்தமாகக் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் அவள் பஸ்ஸில் வரும்போதே பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

"பிள்ளைகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். பாவம், அதுக என்ன செய்யும்? சொல்லிக் குடுத்த ஆளு சரியில்ல. ஒரு லெட்டரு உருப்படியா வரல. வருசம் பூரா வகுப்புல தூங்கியிருக்காகன்னு பேப்பரே சொல்லுது."

"இத எழுதிக் குடுப்பீகளா? டுடோரியல் கமிட்டிக்கு ஒரு ஆதாரம் வேணும்."

அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். சுந்தரம்மாள் பேனாவைத் திறந்ததும் மூலையில் பெஞ்சு கிறீச்சிட்டது. சிவனாண்டி எழுந்து நின்றிருந்தார்.

"டீச்சர், எழுதாதீக. சொன்னாக் கேளுங்க."

"சார் உக்காருங்க" என்று அண்ணாச்சி அதட்டினார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இதற்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தாள். வேலை போகிற பயத்தில் மனிதருக்குக் குரல் தழுதழுக்கிறது, தழுதழுக்கட்டும். அவரைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிதானமாக எழுதினாள். 'இந்த அறுபது பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியவர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாதவர். அவரை ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

அண்ணாச்சி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். டிராயரைத் திறந்து, இதேபோல் சிவனாண்டி எழுதிக் கையெழுத்துப் போட்ட இன்னொரு தாளை எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வருசம் நான் பேப்பர்க் கட்ட ஊர் மாத்தி அனுப்பல, டீச்சர்."