ஆள்காட்டியின் குரல்

ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி மூன்று குஞ்சுகளோடு இருந்தது. யார் வந்தாலும் அது வீறிட்டுக் கத்தும். உடனே குஞ்சுகள் கூழாங்கற்களுக்கு நடுவே அசையாமல் படுத்துவிடும். அந்தக் கத்தலைக் கேட்டுக் கொக்குகள் முகம் சுளித்தன.

கரையோர மருத மரத்து வௌவால், கேட்ட குரலை அளந்து சொல்லும். ஆள்காட்டி ஒருநாள் கூச்சத்தோடு அதனிடம் போனது.

"அண்ணே, என் குரலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

வௌவால் கத்தச் சொல்லிக் கேட்டது. "சுருதி ரொம்ப மேல நிக்குது தாயி. ஏற்ற இறக்கம் இல்லை. உணர்ச்சி மருந்துக்குக்கூட இல்லை. நூத்துக்குப் பன்னிரண்டு போடலாம்."

ஆள்காட்டி குன்றிப்போயிற்று. அன்றிலிருந்து விடாமல் பழகியது. ஒரே மாதத்தில் குரல் தாழ்ந்து குழைந்தது. வௌவால் எழுபது போட்டது. கொக்குகள்கூட நின்று கேட்டன.

மறுநாள் காலை புதருக்குள்ளிருந்து கீரி வந்தது. ஆள்காட்டி பதறி வாயைத் திறந்தது. பழகிய குரல்தான் வந்தது. அம்மா பாடுகிறாள் என்று நினைத்து மூன்று குஞ்சுகளும் எழுந்து ஓடிவந்தன.

மாலைவரை ஆள்காட்டி வெறுங்கரையில் நடந்து நடந்து அழுதது. அப்போதுதான் கண்விழித்த வௌவால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"தொண்ணூத்தெட்டு," என்றது வியப்போடு. "இவ்வளவு உணர்ச்சியை நான் கேட்டதே இல்லை. எப்படிப் பழகினே தாயி?"

ஆள்காட்டி அழுகையை நிறுத்தியது. அதன்பிறகு அந்தக் கரைக்கு எது வந்தாலும் அது வாய் திறக்கவில்லை.