கழற்றாத வளையல்

"இது யாரு கை வளையல்? இப்பவே சொல்லிட்டா நல்லது!"

மேலாளர் ரகுநாத்தின் உள்ளங்கையில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று இருந்தது. உரித்த முந்திரிப் பருப்புத் தட்டில் கிடைத்தது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முந்திரி ஆலையில் தொலி உரிக்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர். தலையில் தொப்பியும் தொளதொளவென்ற முழுக்கை கோட்டுமாக வரிசையில் நின்றார்கள்.

"வளையல், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள வரணும். ஒருத்தி மட்டும் கழட்டல. ஏன் கழட்டல?"

ரகுநாத்துக்குத் துப்பறியும் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. பதிலையும் அவரே சொன்னார்.

"வளைகாப்பு வளையலா இருந்தாத்தான் கழட்ட மாட்டா. பிரசவம் வரைக்கும் கையிலயே கெடக்கணும். என் பொண்டாட்டிக்கும் அப்படித்தான் கெடந்துச்சு. அப்ப உங்கள்ல ஒருத்தி மாசமா இருக்கா!"

தட்டுத் தட்டாகத் தரம் பார்த்து எழுதும் சூப்பர்வைசர் புவனேஸ்வரி, அதே மாதிரிக் கோட்டோடு முன்னால் வந்தாள்.

"சார், பருப்புல கண்ணாடி விழுந்தது தப்பு. அதுக்கு மெமோ குடுப்போம். மாசமா இருக்கிறவளை எதுக்குத் தேடணும்?"

"எதுக்கா? நாளைக்கே ஆறு மாசம் சம்பளத்தோட லீவுன்னு வந்து நிப்பா. போன வருஷம் அருணாவுக்குச் செஞ்ச மாதிரிதான் இவளுக்கும்."

அருணாவுக்கு என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 'சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்' என்று எழுதி வாங்கி, ஐந்து மாத வயிற்றோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். எட்டு வருஷம் தொலி உரித்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது. அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வெட்கம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை.

"இன்னைக்கு லோடு போகணும், பொழைச்சுப் போங்க. நாளைக்குக் காலைல ஷிஃப்டுக்கு முன்னாடி எல்லாரும் கோட்டுக் கையைச் சுருட்டிக் காட்டணும். பிள்ளைக்கு ஆகாதுன்னு அவ எப்படியும் கழட்ட மாட்டா. வளையல் இருக்கிறவ எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிறலாம். மேடம், நீங்க பக்கத்துல இருந்து பேரைக் குறிச்சுக்குங்க" என்றார் ரகுநாத்.

மறுநாள் காலை வாசலிலேயே வரிசை நின்றது. முதல் ஆள் அழகி. கோட்டுக் கையைச் சுருட்டினாள். பச்சையும் சிவப்புமாக வளையல்கள் குலுங்கின.

"மாட்டுனியா! எழுதுங்க மேடம்."

"எழுதட்டும் சார்" என்றாள் அழகி, சாவகாசமாக.

அடுத்தவள் அடைக்கலமேரி. அவள் கையிலும் வளையல். "நானும்தான் சார்."

மூன்றாவதாகக் கார்த்திகா. கையை ஆட்டிக் காட்டினாள். கலகலவென்றது.

மீனம்மாள் முறை வந்தபோது ரகுநாத்துக்கு வேர்த்துவிட்டது. வயசு ஐம்பத்தாறு. புருஷன் போய்ப் பத்து வருஷமாக வெறுங்கை. இன்றைக்கு முழங்கை வரைக்கும் வளையல்.

"ஏம்மா, நீயுமா?"

"ஆமா சார், தள்ளிப் போயிருக்கு."

வரிசை குபீரென்று சிரித்தது.

"புருஷன் இல்லாதவ வளையல் போடலாமா?"

"உள்ள போகையில கழட்டிருவேன் சார். இங்கிட்டு வெளியிலதான நிக்கிறேன்? இது என் கை."

நாற்பத்திரண்டு பேர் கையிலும் வளையல். கடைசி ஆளைப் பார்ப்பதற்குள் ரகுநாத்தின் முகம் சிவந்துவிட்டது.

"வெளாடுறீங்களா? எவளோ ஒருத்திக்காகக் கூட்டுச் சேந்துக்கிட்டு! அம்புட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்!"

"தாராளமா அனுப்புங்க சார்" என்றாள் அழகி. "ஆனா நாங்க எதுவும் எழுதித் தர மாட்டோம். மாசமா இருக்கான்னுதான் அனுப்புறோம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. லேபர் ஆபீஸ்ல காட்டிக்கிறோம். இன்னைக்கு லோடுக்கு நீங்களே உக்காந்து தொலி உரிங்க."

ரகுநாத் புவனேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"மேடம், தெனம் இவளுக கூடத்தான கெடக்குறீங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்த ஒருத்தி யாருன்னு எழுதிக் குடுங்க. இல்லைன்னா உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல."

புவனேஸ்வரி பேனாவைத் திறந்தாள்.

"வேணாம் மேடம்!" இவ்வளவு நேரம் எகிறிக்கொண்டிருந்த அழகிக்குக் குரல் உடைந்தது. "எழுதாதீங்க! என்ன ஆனாலும் நாங்க பாத்துக்கிறோம்!"

"ஒங்களைக் கும்புடுறேன் தாயி, எழுதிறாதீங்க" என்று மீனம்மாள் கையெடுத்தாள்.

புவனேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. வெள்ளைத் தாளில் விறுவிறுவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். ரகுநாத் ஜெயித்த சிரிப்போடு வாங்கிப் படித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பேறுகால விடுப்பு கேட்டு எழுதியிருந்த அந்த விண்ணப்பத்தின் கீழே இருந்த பெயர், புவனேஸ்வரி.

"கண்ணாடி விழுந்ததுக்கு மெமோ குடுங்க சார், வாங்கிக்கிறேன், ராஜினாமா மட்டும் எங்கிட்ட இருந்து வராது" என்றபடி தன் கோட்டுக் கையைச் சுருட்டினாள் அவள். "தாய்வீடுன்னு ஒண்ணு இல்லாத எனக்குப் போன ஞாயித்துக்கிழமை வளைகாப்புப் போட்டு, இன்னைக்கு ஆளாளுக்கு வளையலும் மாட்டிக்கிட்டது இவுகதான்!"