மரங்கொத்தியின் சனிக்கிழமை

“இலவசமாக் கொடுத்தா பொறுப்பு வேண்டாமா? கேட்க ஆளில்லைன்னு நினைச்சுட்டானா?”

மேஸ்திரி தட்டிய தட்டில் மேஜையிலிருந்த காபி தளும்பியது. மேஸ்திரி என்பது அந்தப் புரோகிராமர் கூட்டம் தங்கள் டீம் லீடருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு மருத்துவமனைக்கு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். நோயாளிகள் டாக்டரைப் பார்க்க அது நாள் குறித்துத் தரும். திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தால், மாதக் கடைசி நாளுக்குப் பதிவு செய்கிறவர்களை எல்லாம் அது அடுத்த மாதக் கடைசிக்குத் தூக்கிப் போடுகிறது. நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவரை ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால் மருத்துவமனை சும்மா விடுமா?

தேதிக் கணக்கை இவர்கள் எழுதவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா வைத்திருந்த ரெடிமேட் சரக்கு அது. இவர்கள் பாஷையில் லைப்ரரி. எழுதியவருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ‘மரங்கொத்தி’ என்று ஒரு புனைபெயர், பக்கத்தில் ஒரு பறவைப் படம், அவ்வளவுதான்.

அதைத் தேர்ந்தெடுத்தவர் சாட்சாத் மேஸ்திரியே. அன்றைய மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்ட, மூலை சீட்டுப் பெண் மட்டும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

“இது வேண்டாம் சார். ஒரே ஆள் ஓய்வு நேரத்துல பார்த்துக்கிறது. ஏதாவதுன்னா உடனே சரி பண்ண முடியாது.”

“எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கு, பார்த்தியாம்மா? உலகமே இதைத்தான் எடுக்குது. உலகத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமா?”

நட்சத்திரம் பார்த்து ஓட்டலுக்குப் போகிறவரிடம் சமையல்காரர் லீவு என்று சொல்லி என்ன பயன்? அவள் உட்கார்ந்துவிட்டாள். ‘இதுக்கு நான் பொறுப்பு’ என்று மேலதிகாரியிடம் மார்தட்டிவிட்டு வந்தார் மேஸ்திரி. இப்போது அந்தப் பொறுப்பு அவர் கழுத்துக்கு மேல் கத்தியாகத் தொங்கியது.

“நாளைக்கும் நாளன்னைக்கும் எல்லாரும் வந்துடுங்க” என்றார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு மாதமாகவே அவர்களுக்குச் சனியும் ஞாயிறும் காலண்டரில் மட்டும்தான் இருந்தன.

மூலை சீட்டுப் பெண் எழுந்து வந்தாள். “சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும்.”

“இங்கே வீடு பத்தி எரியுது, உனக்கு லீவா? அப்படி என்ன தலைபோற வேலை?”

“சொந்த வேலைதான் சார். ரொம்ப நாளா அப்படியே நிக்குது. அதை முடிச்சா நமக்கும்...”

“சொந்த வேலையெல்லாம் இது முடிஞ்சப்புறம்!”

அவர் கை சுவரைக் காட்டியது. ‘ஆபீஸில் சொந்த வேலை பார்க்கக் கூடாது’ என்று அவரே அச்சடித்து ஒட்டிய தாள். ஆபீஸில் பார்க்கக் கூடாது, ஆபீஸை விட்டுப் போகவும் கூடாது. அப்புறம் எங்கேதான் பார்ப்பது என்று அந்தத் தாளில் போட்டிருக்கவில்லை.

“வந்ததுதான் வந்தே, இப்படி உட்காரு” என்று தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். “அந்த மரங்கொத்திக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதணும். கோபம் வந்தா எனக்கு ஸ்பெல்லிங் வராது. நீ அடி.”

அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசமா உங்க பக்கத்துல புகார் மேல புகாரா குவிஞ்சு கிடக்கு. ஒண்ணுக்காவது பதில் உண்டா? அடிச்சியா?”

“அடிச்சுட்டேன் சார்.”

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா? உங்களை நம்பித்தானே எடுத்தோம்?”

“காசு எதுவும் கொடுக்கலையே சார்?”

“காசு கொடுத்தாத்தான் மனசாட்சி வருமா? நீ யார் பக்கம் பேசறே? அடிம்மா. அடுத்து, சோம்பேறி.”

அவள் விரல்கள் நின்றன. “சோம்பேறின்னே போடட்டுமா சார்? நேரம் கிடைக்காதவர்னு...”

“சோம்பேறிதான். பெரிய எழுத்துல போடு.”

போட்டாள். மனசுக்குள் சுருக்கென்றிருந்தாலும் ஸ்பெல்லிங் தப்பவில்லை.

“கடைசியா, உங்களை மாதிரி ஓர் ஆள் என் டீம்ல இருந்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

அதையும் அடித்தாள். மேஸ்திரி ஒரு தடவை படித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அனுப்புகிற பாக்கியத்தைத் தானே வைத்துக்கொண்டு பொத்தானைத் தட்டினார்.

மேஜைமேல் இருந்த அவள் போன் ‘டிங்’ என்றது.

மேஸ்திரி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆவேசம் இன்னும் இறங்கவில்லை.

“வாரம் பூரா எங்கேயோ வேலைக்குப் போறான்னே வச்சுக்குவோம். சனி, ஞாயிறு இருக்கில்ல? சனிக்கிழமையெல்லாம் அந்த மனுஷன் என்னதான் கிழிக்கிறான்?”

அவள் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அதே பறவைப் படம். ‘மரங்கொத்தி, உங்களுக்கு ஒரு புதிய புகார்’ என்றிருந்தது. அதன் கீழே, அவர் சொல்லி அவள் அடித்த சோம்பேறி, பெரிய எழுத்தில்.

“உங்ககிட்டதான் சார் வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றாள்.