நூற்று இருபத்தெட்டுக்கு அடுத்த பக்கம்

"அந்தப் பொட்டிய நம்மாளு தெறந்தாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க சார்."

வெள்ளைத்தாய் கேட்டதும் மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நாவலை மொழிபெயர்த்தவன் நான்தான்.

அவர் 'நம்மாளு' என்றது நாவலின் நாயகி நொமாலியை. நூற்றிருபது வருடத்துக்கு முன் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் புருஷனைப் பறிகொடுத்தவள். நான்கு மாதமாக எங்கள் வாசகர் வட்டம் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஒருவர்கூட அவளை அப்படிச் சொன்னதில்லை.

நாங்கள் கூடுவது சிவகாசியில், நவநீதகிருஷ்ணனின் அச்சகத்து மாடியில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே மிஷின் ஓடவில்லை.

வெள்ளைத்தாய் ஆமத்தூர்க்காரர். வீட்டில் இருந்தபடியே வெடிக்குத் தாள்குழாய் சுருட்டுகிறவர். போன வாரம் எனக்குப் போன் செய்து, உங்கள் புத்தகத்தில் ஒரு சந்தேகம், நேரில்தான் கேட்க வேண்டும் என்றார். என் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்துக்கே வரச் சொல்லிவிட்டு, வட்டத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

வந்தவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தபோது அந்தப் பெருமை இறங்கிவிட்டது.

குழாய் சுருட்ட வந்த கழிவுத் தாள். ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. ஒரு கட்டு, என் பெயரும் போன் நம்பரும் இருந்த முதல் பதினாறு பக்கம். இன்னொன்று 113 முதல் 128 வரை.

"மத்ததெல்லாம் சுருட்டிட்டேன். இவள மட்டும் சுருட்ட மனசு வரல."

ஒரு பிரதிகூட மிச்சமில்லை, எல்லாம் போய்விட்டது என்று பதிப்பாளர் என்னிடம் சொன்னது பொய்யில்லை. எங்கே போனது என்று நான்தான் கேட்கவில்லை.

128ஆம் பக்கத்தில் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் ஆணி அடித்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நொமாலியின் வாசலில் இறக்குகிறார்கள். உன் புருஷன் இதற்குள் இருக்கிறான், திறக்காமல் புதைத்துவிடு என்கிறார்கள். அவர்கள் போன பிறகு அவள் மூடியின் மேல் கையை வைக்கிறாள். அதோடு பக்கம் முடிந்துவிடுகிறது.

"எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் துணியில இறுக்கக் கட்டிக் குடுத்தாக," என்றார் வெள்ளைத்தாய். "பட்டாசுக் கம்பெனி வெடிச்ச ரெண்டாம் நாளு. பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாக."

அவர் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

நவநீதகிருஷ்ணன் தன் புத்தகத்தை மெதுவாக மூடினார். கல்லூரியில் பாடம் நடத்தும் பிரீத்திகா, மடியில் இருந்ததை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்புகூட அவர்கள் இருவரும் 129ஆம் பக்கத்தைப் பற்றித்தான் மல்லுக்கு நின்றார்கள். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அவரும், இதை எழுதாவிட்டால் வேறு எதை எழுதுவது என்று அவளும்.

129இல் நொமாலி பெட்டியைத் திறக்கிறாள்.

உள்ளே இருந்ததைப் பற்றி ஆசிரியர் கால் பக்கம்தான் எழுதியிருந்தார். அந்தக் கால் பக்கத்தைத் தமிழாக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் தனியாக இருக்கப் பயந்து, மனைவி கடைக்குக் கிளம்பினால் நானும் கூடவே கிளம்பினேன். இன்றைக்கும் மூடிய பெட்டி எதையாவது திறக்க வேண்டுமென்றால் என் கை ஒரு நிமிடம் நின்றுவிடும். நொமாலிக்கோ அதற்குப் பிறகு இருநூறு பக்கத்துக்கு நிம்மதி கிடையாது. எதைப் பார்த்தாலும் அதுவே தெரிகிறது அவளுக்கு.

வெள்ளைத்தாயைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கலாம். நகக்கண்ணில் பசை ஏறியிருந்தது. துணியைப் பிரிக்காமலே அடக்கம் செய்துவிட்டு, உள்ளே இருந்தது தன் புருஷன்தானா என்று தெரியாமல் தவிக்கிறார் என்று எனக்குப் பட்டது. நொமாலி திறந்தாள் என்று சொன்னால், நானும் பார்த்திருக்க வேண்டுமே என்று காலம் முழுக்கக் கிடந்து மறுகுவார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தையில் இவரைக் காப்பாற்றிவிடலாம் என்றும் தோன்றியது.

"தெறக்கலம்மா," என்றேன். "அவுக சொன்னபடி அப்படியே பொதைச்சிட்டா. கடைசிவரைக்கும் நிம்மதியாத்தான் இருந்தா."

யாரும் மறுக்கவில்லை. பிரீத்திகா ஆமாம் என்று தலையைக்கூட ஆட்டினாள்.

நான் எதிர்பார்த்த நிம்மதி வெள்ளைத்தாயின் முகத்தில் வரவில்லை. அவர் தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டினார். கவருக்குள் வைக்காமல் என் பக்கம் தள்ளினார்.

"கெட்டிக்காரிதான்," என்றார்.

எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான் பிரிச்சிட்டேன் சார். அவளும் தெறந்திருப்பா, ரெண்டு பேரா ஆச்சுன்னு நெனச்சுத்தான் வந்தேன்."